நானோ மருந்துன்னா மூளைக்குள்ள போயிருமா? நெல்லைப் பக்கத்து மருந்து ஆட்கள் பதில் சொல்லுங்க

வண்ணாரப்பேட்டை மெடிக்கல்
மே 6, இரவு 9.12

பார்க்கின்சனுக்கு நானோ குர்குமின் (மஞ்சள்ல உள்ள சத்து) கேப்சூல்னு ஒண்ணு. ரெப் வந்து நின்னுக்கிட்டு, "துகள் நூறு நானோமீட்டர்தான் அண்ணாச்சி, அம்புட்டு பொடிசு, மூளைக்குள்ள தானா போயிரும்"ங்காரு. பார்க்கின்சனுக்கு வழக்கமாக் கொடுக்குத லெவோடோபா சாப்பிடுதவங்களும் இதைக் கேக்காங்க. போகுமா, போகாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

சொதிப்பிரியன்
மே 6, இரவு 9.40

போகாது.

சொதிப்பிரியன்
மே 6, இரவு 10.25

ஒத்தை வார்த்தையோட விட்டா ரெப் உம்மை மடக்கிருவாரு. கணக்கையும் வச்சுக்கிடும்.

பார்க்கின்சன்ல மூளையில குறையுதது டோபமின்; லெவோடோபா உள்ள போய்த்தான் டோபமினா மாறும். டோபமினோட மூலக்கூறு எடை 153. லெவோடோபா 197. பொடிசு டோபமின்தான். ஆனா அதை ரத்தத்துல எவ்வளவு ஏத்தினாலும் மூளைக்குள்ள போகாது. அதைவிடப் பெரிய லெவோடோபா போகும். மூளை நுண்குழாய்ச் சுவர்ல அமினோ அமிலத்தை அள்ளி உள்ள விடுத கடத்திப் புரதம் ஒண்ணு இருக்கு, லாட்-1னு பேரு. லெவோடோபா அது கண்ணுக்கு இன்னொரு அமினோ அமிலம். டோபமினுக்கு அப்படி யாரும் இல்ல. பொடிசு பெருசுங்கிற பேச்சு இங்கனயே அடிபட்டுப் போச்சு.

இதுல நூறு நானோமீட்டர் துகள் வேற. லெவோடோபா மூலக்கூறு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர்னு வச்சா, துகள் அகலத்துல நூறு மடங்கு, கன அளவுல பத்து லட்சம் மடங்கு. மூளை நுண்குழாய்ச் செல்லுங்க க்ளாடின்-5, ஆக்லூடின் மாதிரி புரதங்களால ஒண்ணோடொண்ணு தச்சுவச்ச மாதிரி இருக்கும். இடுக்கு வழியா துகள் போக வாய்ப்பே இல்ல. எண்ணெய்ப் பசையுள்ள சின்ன மருந்து செல்லுக்குள்ள கரைஞ்சு நுழைஞ்சாலும், பி-கிளைக்கோபுரோட்டீன்ங்கிற பம்பு பாதியை வெளிய எத்திவிட்டுரும்.

அதுவும் இது வாய்வழி கேப்சூல். வயித்து அமிலம், பித்த உப்பு, குடல், அப்புறம் கல்லீரல். இத்தனையும் தாண்டித் துகள் துகளாவே ரத்தத்துக்கு வருங்கிறதே பெரிய பேச்சு. குர்குமின் கரையறது கொஞ்சம் கூடும், ரத்தத்துல அளவு ஏறும், அதுவரைக்கும் சரி. அதுக்கு மேல சொன்னா விளம்பரம்.

பொதிகைக்காத்து
மே 7, காலை 6.50

"போகாது"ன்னு கதவை அடைச்சதும் தப்புதான் தம்பி. துகள் போயிருக்கு.

1995ல ஃப்ராங்க்ஃபர்ட்ல க்ரோய்ட்டர் குழு டலார்ஜின்ங்கிற வலி மரக்கவைக்குத பெப்டைடை (சின்னப் புரதத் துண்டு) எடுத்தாங்க. அதை மட்டும் ஊசியில போட்டா சுண்டெலிக்கு மூளையில எந்த விளைவும் இல்ல. பாலிபியூட்டைல் சயனோஅக்ரிலேட்ங்கிற பாலிமர் துகள்ல ஒட்டி, மேல பாலிசார்பேட் 80 (சோப்பு மாதிரிப் பொருள்) பூசிப் போட்டப்ப, சூடு பட்டு எலி விலக ஆகுற நேரம் கூடுச்சு. வலி மரத்திருக்கு, அப்ப மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம். பின்னால கிடைச்ச விளக்கம்: பாலிசார்பேட் பூச்சு ரத்தத்துல கொழுப்பைச் சுமக்குத அப்போலிப்போபுரோட்டீன்-ஈ புரதத்தை இழுத்து மேல ஒட்டவச்சுக்கிடுது. சுவர்ல இருக்க கொழுப்புப் புரத ஏற்பி அதைப் பாத்து 'நம்ம ஆளு'ன்னு செல்லுக்குள்ள இழுத்துக்கிடுது. சந்தனமும் குங்குமமும் இட்டுக்கிட்டு முன்னபின்ன தெரியாத கல்யாண வீட்டுப் பந்தியில உக்காருத கதை.

இதுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பாலிசார்பேட் கூடிப்போனா அதுவே தடுப்புச் சுவரை நெகிழவச்சிரும். அப்ப துகள் போச்சா, சுவர் ஓட்டையாச்சான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. மருந்தில்லாத வெறும் துகள், துகளில்லாத மருந்து + பாலிசார்பேட், ரெண்டு கட்டுப்பாட்டுக் குழுவும் இல்லாத தீசிஸை மூடி வச்சிரலாம்.

சங்கரன்கோயில் ஸ்காலர்
மே 7, பகல் 1.15

அக்கா, அண்ணாச்சி, ஒரு சந்தேகம். நானும் மருந்துத் துகள் செய்யுதேன். பிஎல்ஜிஏ (உடம்புல கரையுத பாலிமர்) 50:50, கரைப்பான் டைகுளோரோமீத்தேன், துகள் ஒட்டாம இருக்க 1% பிவிஏ, ப்ரோப் சானிகேட்டர்ல (ஒலியலையில உடைக்குத கருவி) விடாம 2 நிமிஷம். அளவு 280 நானோமீட்டர், பிடிஐ (அளவு எவ்வளவு சிதறியிருக்குங்கிற எண்) 0.4. சென்ட்ரிஃப்யூஜ் பண்ணினா அடியில பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு திரும்பக் கலங்க மாட்டேங்குது. மருந்து தண்ணியில கரையாதது. பிப்ரவரியில இதே முறையில 190 வந்துச்சு.

சொதிப்பிரியன்
மே 7, மாலை 6.30

பிப்ரவரிக்கும் மேக்கும் நடுவுல மாறினது கத்திரி வெயில்தான். பிஎல்ஜிஏ காஞ்சு இருக்கும்போது 45-50 டிகிரிக்குத்தான் இளகும். ஈரம் ஏறினா அந்த வெப்பநிலை உடம்புச் சூட்டுக்கும் கீழ இறங்கிரும். ஏசி இல்லாத லேப்ல மதியம் 38 டிகிரி. துகளெல்லாம் இளகி, சென்ட்ரிஃப்யூஜ் அழுத்தத்துல ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிடுது, வெயில்ல வச்ச மஸ்கோத் அல்வா மாதிரி. குளிரூட்டின சென்ட்ரிஃப்யூஜ், 4 டிகிரி, ரோட்டரையும் முந்தியே குளிரவைக்கணும். வேகத்தையும் குறை. 20,000ல அரை மணி நேரம் ஓட்டிப்போட்டு கலங்கலைன்னு அழக்கூடாது. 12,000ல ஆரம்பிச்சுப் பாரு, மேல தெளிவு வரலைன்னா மட்டும் ஏத்து.

சானிகேட்டர் விடாம 2 நிமிஷம் ஓடினா ப்ரோப் நுனியில சூடு எகிறும். ஐஸ் குளியல்ல வச்சு 10 விநாடி ஓட்டு, 5 விநாடி நிறுத்து.

பிவிஏவைப் பச்சைத் தண்ணியில போட்டுக் கலக்கினா பாதி கரையாம முட்டை முட்டையா நிக்கும், அளவுப் படத்துல ரெண்டாவது மேடா அதுதான் தெரியும். பச்சைத் தண்ணியில தூவி ஊறவிட்டு 80 டிகிரிக்கு மேல சூடாக்கிக் கரை. ஆறினதும் 0.45 மைக்ரான்ல வடி.

உன் மருந்து தண்ணியில கரையாததுன்னா இந்த வழியே வேண்டாம். பிஎல்ஜிஏ 50 மி.கி., மருந்து 5 மி.கி., அசிட்டோன் 5 மி.லி. கீழ 15 மி.லி. தண்ணியில, துகள் ஒட்டாம இருக்க 1% பொலாக்சமர் 188. காந்தக் கலக்கி 500-600 சுத்து, நுரை வரக்கூடாது. 26 கேஜ் ஊசியில சிரிஞ்ச் பம்பு வச்சு நிமிஷத்துக்கு ஒரு மி.லி.க்கு மேல போகாம விடு. அசிட்டோன் தண்ணிக்குள்ள பரவுத அந்த நொடியில பாலிமர் துகளாப் பிரியுது. ஒரே இடத்துல கொட்டினா பெருசு பெருசா விழும்.

அசிட்டோன் முழுசும் ஃப்யூம் ஹூட்ல பறக்க மூணு நாலு மணி நேரம். மூடி போடாதே.

சொதிப்பிரியன்
மே 7, மாலை 6.44

ஊசி நுனி தண்ணிக்குள்ள முங்கி இருக்கணும், அதை விட்டுட்டேன். மேல தொங்கவிட்டா இந்த வெக்கைக்கு நுனியிலயே அசிட்டோன் பறந்து, வெள்ளை நூலாத் தொங்கும். நூல் அறுந்து கீழ விழுந்தா அன்னிக்கு பேட்ச் அவ்வளவுதான்.

பாலிமர் பாட்டில் மைனஸ் 20ல இருந்து எடுத்தா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு மூடியைத் திற. குளிரோட திறந்தா காத்து ஈரம் உள்ள வேர்த்து, பாலிமர் அங்கனயே உடைய ஆரம்பிச்சிரும்.

சங்கரன்கோயில் ஸ்காலர்
மே 13, இரவு 8.05

142 நானோமீட்டர், பிடிஐ 0.11. கலங்குது. ஃப்ரீஸ் டிரையர்ல போட்டப்ப ராத்திரி கரண்டு போச்சு. காலையில குப்பிக்குள்ள பஞ்சு மாதிரி கட்டி இல்ல, அடியில பாகு.

பொதிகைக்காத்து
மே 13, இரவு 8.30

வானம் பாத்த பக்கமெல்லாம் காத்தாடி சுத்துத சீமையில கரண்டு போச்சுங்காரே, யாருகிட்டச் சொல்ல.

வெற்றிடம் போய் உறைஞ்சது உருகினா கட்டி உக்காந்துரும், திரும்ப எழுப்ப முடியாது. துகளைக் காக்குத சக்கரை, ட்ரெஹலோஸ் 5% சேத்தியா? மானிட்டால் சேத்தா அது படிகமாகும்போது துகளைத் தள்ளி ஒண்ணாக் குவிச்சிரும், ட்ரெஹலோஸ்தான் தேவலை. காய வச்சதும் கலக்கித் திரும்ப அளவு பாரு. 142 இருந்தது 160 ஆனா சரி, 300 ஆனா சக்கரை போதலை. ஜீட்டா (துகள் மேல உள்ள மின்னூட்டம்) பாக்கும்போது பிபிஎஸ் உப்புக் கரைசல்ல போட்டுராதே, உப்பு மின்னூட்டத்தை மறைச்சு சைபர் பக்கத்துல காட்டும். ஒரு மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு போதும்.

சொதிப்பிரியன்
மே 14, காலை 7.20

இன்னொரு கணக்கு. மருந்து 5 மி.கி. போட்டதுல 70% துகளுக்குள்ள நின்னா 3.5 மி.கி. 50 மி.கி. பாலிமரோட துகள் மொத்தம் 53.5. மருந்துப் பங்கு 6.5% தான். தீசிஸ்ல எல்லாரும் 70ங்கிற எண்ணைத்தான் கொட்டை எழுத்துல போடுதாங்க, 6.5 எங்கயோ ஒரு மூலையில கிடக்கும்.

வண்ணாரப்பேட்டைக்காரர் கேட்டதுக்கு இதுதான் நேரான பதில். ஒரு நாளைக்கு 300 மி.கி. லெவோடோபா வேணும்னா இந்தக் கணக்குல நாலரை கிராமுக்கு மேல துகள். தினமும் யாருக்கு ரத்தக்குழாய்ல அதை ஏத்த முடியும்? ஒரு நுள்ளு மருந்துலயே வேலை முடியுதவங்களுக்குத்தான் துகள் வண்டி. லெவோடோபா வேற தண்ணியில கரையும், செய்யும்போதே பாதிக்கு மேல வெளித் தண்ணிக்கு ஓடிரும், காத்து பட்டா கறுத்துரும்.

பொதிகைக்காத்து
மே 16, இரவு 9.55

ஸ்காலர் தம்பி எலிக்குப் போகும் முன்னால இதைப் படிக்கணும். மூளையில மருந்து இருக்குன்னு வர்ற எண்கள்ல பாதி, மூளைக்குள்ள தங்கின ரத்தத்தோட எண்.

250 கிராம் எலிக்கு ரத்தம் கிலோவுக்கு 64 மி.லி. வச்சு 16 மி.லி. மூளை 2 கிராம். ஒரு கிராம் மூளையில குழாய்க்குள்ள நிக்குத ரத்தம் 15 மைக்ரோலிட்டர்னு வச்சா மொத்தம் 30. உடம்பு ரத்தத்துல 0.19%. துகள் ரத்தத்துலயே ரொம்ப நேரம் சுத்துது, போட்டதுல பாதி இன்னும் ரத்தத்துல இருக்குன்னா, மூளையை அப்படியே அரைச்சு அளந்தா போட்ட மருந்துல 0.09% சும்மாவே தெரியும். ஒரு துகள்கூட சுவரைத் தாண்டியிருக்கத் தேவையில்ல. இந்தத் துறையில மூளைக்குப் போய்ச் சேருத அளவே பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குக் கீழதான். நீ 0.3% னு எழுதினா அதுல மூணுல ஒரு பங்கு வெறும் ரத்தம்.

அதனால கழுவணும். ஆழ்ந்த மயக்கத்துல நெஞ்சைத் திறந்து, இடது கீழறையில ஊசி, வலது மேலறையில ஒரு வெட்டு. 37 டிகிரி உப்புநீர், மி.லி.க்கு ஹெப்பாரின் 10 யூனிட், நிமிஷத்துக்கு 20 மி.லி., மொத்தம் 150-200 மி.லி. அழுத்தம் கூடினா நுண்குழாய் கிழியும், நுரையீரல் உப்பி மூக்கு வழியா தண்ணி வந்தா ஊசி தப்பான அறைக்குள்ள இருக்கு. கல்லீரல் செம்மண் நிறத்துல இருந்து வெளுத்து வரணும். மூளையை எடுத்தா இளநுங்கு மாதிரி இருக்கணும். மேல சிவப்புக் கோடு ஓடினா அந்த எலியை எண்ணிக்கையில சேக்காதே.

கழுவின பிறகும் துகள் குழாய்ச் சுவர்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும். மூளையை அரைச்சு டெக்ஸ்ட்ரான் கரைசல்ல சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி நுண்குழாயைத் தனியா, மூளைத் திசுவைத் தனியாப் பிரிச்சு ரெண்டையும் அள. சுவர்ல இரும்பை உள்ள இழுக்குத டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பிடிக்கத் துகள்ல ஆன்டிபாடி ஒட்டுதவங்க இங்கதான் மாட்டுவாங்க. பிடி இறுக்கமா இருந்தா செல்லுக்குள்ள போன பிறகும் ஏற்பியை விடாம அங்கனயே அழிஞ்சிரும். பிடியைத் தளத்தினா மூளைக்குள்ள கூடுதலாப் போகும்னு 2011ல ஜெனென்டெக் ஆய்வாளர்கள் காட்டினாங்க.

பொதிகைக்காத்து
மே 16, இரவு 10.10

கூமரின்-6 போட்டு ஒளிரவச்சுப் படம் காட்டுதவங்களுக்கு: அந்தச் சாயம் துகளை விட்டு ஒழுகும், எண்ணெய்ப் பசை உள்ளது, தானே சுவரைத் தாண்டும். பச்சையா மினுங்குத மூளை, சாயம் போன கதை. துகள் இல்லாத வெறும் சாயத்தையும் ஒரு குழுவுக்குப் போடு.

ஊசிமுனை
மே 19, மாலை 4.20

எல்லாரும் எலியிலயே நிக்கிறீங்க. வார்டுல நானோ தினமும் ஏறுது, நீங்க அதை நானோன்னு கூப்பிடறதில்ல, அவ்வளவுதான். பூஞ்சை மருந்து, லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின்-பி. நூறு நானோமீட்டருக்கும் குறைவான கொழுப்புக் குமிழி. கிரிப்டோகாக்கஸ்ங்கிற பூஞ்சையால வர்ற மூளையுறை அழற்சிக்கும், 2021ல கொரோனாவுக்குப் பின்னால மூக்கு வழியா கண், மூளைன்னு ஏறின கறுப்புப் பூஞ்சைக்கும் இதுதான்.

எச்ஐவியோட வர்ற கிரிப்டோகாக்கஸுக்கு ஆப்பிரிக்காவுல 5 நாடுகள்ல நடந்த சோதனை 2022ல வந்தது. கிலோவுக்கு 10 மி.கி. ஒரே ஒரு தடவை, கூட 14 நாள் ஃபுளூசைட்டோசின், ஃபுளூகோனசோல். பத்து வாரத்துல இறப்பு 24.8%, பழைய ஆம்ஃபோடெரிசினை ஒரு வாரம் போட்ட பக்கம் 28.7%. உலக சுகாதார நிறுவனம் அதே வருசம் பரிந்துரையில சேத்துச்சு.

கலக்குற முறை. 50 மி.கி. குப்பிக்கு ஊசிக்கான தண்ணி 12 மி.லி., ஊத்தின உடனே 30 விநாடி நல்லாக் குலுக்கணும். மி.லி.க்கு 4 மி.கி. வரும். 50 கிலோ ஆளுக்கு 500 மி.கி., பத்துக் குப்பி, 125 மி.லி. குப்பிக்கு ஒரு புது 5 மைக்ரான் ஃபில்டர். 5% டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. பையில இருந்து 125 எடுத்துட்டு இதை விட்டா மி.லி.க்கு 1 மி.கி. ரெண்டு மணி நேரம். உப்புநீர் ஒரு சொட்டு பட்டாலும் குமிழி திரிஞ்சிரும். சிறுநீரகத்தைக் காப்பாத்த முன்னால சலைன் ஓட்டுவாங்க பாருங்க, அது முடிஞ்சதும் அதே லைன்ல ஆம்ஃபோடெரிசினைச் சொருகறதுதான் வழக்கமான தப்பு. நடுவுல டெக்ஸ்ட்ரோஸ் விட்டுக் கழுவணும். பொட்டாசியம், மெக்னீசியம் ரெண்டும் இறங்கும், பாத்து ஏத்தணும்.

பழைய டீஆக்சிகோலேட் ஆம்ஃபோடெரிசின் கிலோவுக்கு 1 மி.கி. பக்கம். அதை லைப்போசோமல்னு நினைச்சு 10 மி.கி. கணக்குல ஏத்தினா ஆள் தப்பாது. சீட்டுல வெறும் "ஆம்ஃபோடெரிசின்"னு இருந்தா மருந்தைக் கொடுக்காதீங்க, திருப்பிக் கேளுங்க.

வண்ணாரப்பேட்டை மெடிக்கல்
மே 19, இரவு 9.00

உப்புநீரே ஆகாதுங்கிறீய. என்கிட்ட வந்த ஒரு பிராண்டு பெட்டிக்குள்ள இருக்க சீட்டுல சலைன்ல கலக்குன்னுதான் போட்டிருக்கு.

ஊசிமுனை
மே 19, இரவு 9.35

நீங்க சொல்றதும் சரி, நான் எழுதினது பொடியா வர்ற வகைக்கு. நம்ம நாட்டுலயே செய்யுற ஒரு வகை சலைன்லயே தொங்கலா வரும், போடும் முன்னால சானிகேட்டர் குளியல்ல வைக்கணும், சலைன்லதான் கலக்கணும். ரெண்டுக்கும் பேரு லைப்போசோமல்தான். லைப்பிட் காம்ப்ளெக்ஸ்னு வர்றது மூணாவது சாதி. ஒண்ணு இல்லைன்னா இன்னொண்ணுன்னு மாத்திக் கொடுக்கக்கூடாது. பெட்டிக்குள்ள இருக்க சீட்டே வேதம்.

சொதிப்பிரியன்
மே 20, காலை 7.05

அந்தக் குமிழி முழுசா மூளைக்குள்ள போகுதா? தண்டுவட நீர்ல எடுத்தா மருந்து கொஞ்சம்தான் தெரியும்.

ஊசிமுனை
மே 20, காலை 7.50

பூஞ்சை வந்த இடத்துல சுவரே அழற்சியில இளகித்தான் கிடக்கும். இந்தக் குமிழியோட பெரிய லாபம் சிறுநீரகம் தப்புறது. அதனாலதான் பத்து மடங்கு ஏத்த முடியுது, அதனாலதான் மூளைக்கும் ஒரு பங்கு போய்ச் சேருது.

இன்னொண்ணு கேளுங்க. நரம்பு நோய்க்குன்னே 2018ல அமெரிக்காவுல அனுமதி வாங்கின நானோ துகள் பாட்டிசிரான். பரம்பரையா வர்ற டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு நரம்புச் சிதைவுக்கு. கிலோவுக்கு 0.3 மி.கி., மூணு வாரத்துக்கு ஒரு தடவை, ஏறக்குறைய 80 நிமிஷம் ஏத்தணும். அது போற இடம் மூளையும் இல்ல, நரம்பும் இல்ல. கல்லீரல்! அந்தக் கெட்ட புரதம் அங்கதான் தயாராகுது. அக்கா சொன்ன அதே அப்போலிப்போபுரோட்டீன்-ஈ இந்தத் துகள்லயும் ஒட்டி கல்லீரலுக்கு இழுத்துட்டுப் போகுது. ரத்தத்துல வைட்டமின் ஏவைச் சுமக்குறதுலயும் டிரான்ஸ்தைரெட்டினுக்குப் பங்கு இருக்கிறதால வைட்டமின் ஏவும் கூடக் கொடுக்கணும்.

பொதிகைக்காத்து
மே 20, காலை 8.15

சந்தனம் இட்டவன் வேற கல்யாண வீட்டுக்குப் போயிட்டான். எனக்கும் இதுல யோசனை உண்டு. அந்த ஈ புரதம் ஒட்டினா கல்லீரல்தான் முதல்ல பிடிக்கும், மூளைக்குப் போறது மிச்சம் மீதிதான். மே 7ல நான் எழுதினதை அந்த அளவோட வாசிங்க.

சங்கரன்கோயில் ஸ்காலர்
மே 27, பகல் 12.40

மூக்கு வழியா மூளைக்கு விட்டா? சூட்டுல ஜெல்லாகுத பொலாக்சமர் 407, 17%. 33 டிகிரியில கட்டியாகுற மாதிரி அமைச்சேன். குளிர்ல நல்லாத் தண்ணியா இருந்துச்சு. மேசையில வச்சா ஸ்பிரே பாட்டிலுக்குள்ளயே கட்டியாயிருது.

சொதிப்பிரியன்
மே 27, பகல் 12.58

ஏலே, மேசையே 38 டிகிரி!

சொதிப்பிரியன்
மே 27, இரவு 9.30

மூக்குச் சூட்டை நம்பின ஜெல்லுக்கு நம்மூருல கோடை முழுக்க ஃபிரிட்ஜ் வேணும், நோயாளி வீட்டுலயும். ஜெல்லான் கம் 0.3-0.5% எடு. அது மூக்கு நீர்ல இருக்க உப்பைப் பாத்துத்தான் கட்டும், சூட்டைப் பாத்து இல்ல. 90 டிகிரி அயனி நீக்கின தண்ணியில கரை. போர் தண்ணி பட்டா அதுல இருக்க கால்சியத்துக்கே பாத்திரத்துல கட்டிக்கிடும். தாமிரபரணித் தண்ணி நல்ல தண்ணிதானன்னு அதையும் ஊத்தாதே.

எலியில வந்த எண்ணை நம்பி மனுசனுக்குக் கணக்குப் போடாதே. எலி மூக்கு உட்பரப்புல ஏறக்குறைய பாதி வாசனைப் பகுதி, மனுசனுக்குப் பத்துல ஒரு பங்குகூட இல்ல. ஒரு துவாரத்துல 0.1 மி.லி.க்கு மேல விட்டா தொண்டைக்கு வழிஞ்சிரும். மி.லி.க்கு 10 மி.கி. மருந்துன்னா ஒரு துவாரத்துக்கு 1 மி.கி. திரும்பவும் அந்த நுள்ளு கணக்குதான்.

ஊசிமுனை
மே 27, இரவு 10.05

வலிப்புக்கு வீட்டுல வச்சுக்கிற மிடசோலம் மூக்கு ஸ்பிரே நானோ இல்ல, யாரும் குழப்பிக்காதீங்க. சாதாரணக் கரைசல்தான், கிலோவுக்கு 0.2 மி.கி., ரத்தம் வழியாத்தான் மூளைக்குப் போகுது.

வண்ணாரப்பேட்டை மெடிக்கல்
மே 28, காலை 10.20

அப்ப பார்க்கின்சன்காரங்க கேட்டா என்ன சொல்ல?

ஊசிமுனை
மே 28, காலை 11.00

அந்தக் காசுக்கு லெவோடோபாவை ஒழுங்கா நேரத்துக்கு வாங்கிப் போடச் சொல்லுங்க. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால, வெறும் தண்ணியோட. முட்டை, மீன், பருப்போட சேத்துப் போட்டா அந்த அமினோ அமிலங்க இதே லாட்-1 வாசல்ல முந்திக்கிடும், மருந்து வெளியவே நிக்கும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி. குமட்டல் வந்தா ரெண்டு பிஸ்கட் கடிச்சுக்கிடட்டும், முட்டை வேண்டாம்.

சங்கரன்கோயில் ஸ்காலர்
ஜூன் 9, இரவு 8.45

குற்றாலத்துல சாரல் விழுந்தாச்சு, லேப் 31 டிகிரி. ஜெல்லான் 0.4%, பாட்டில்ல தண்ணி, செயற்கை மூக்கு நீர்ல விட்டா உடனே கட்டுது. பழைய பொலாக்சமர் பாட்டிலும் மேசையில தண்ணியாத்தான் நிக்குது.

சொதிப்பிரியன்
ஜூன் 9, இரவு 9.02

அதைப் பாத்து ஏமாறாதே. பாட்டிலை 40 டிகிரி இன்குபேட்டர்ல ஒரு வாரம் வச்சிட்டு எழுது.